துணைக்குச் செல்பவர்

நாற்பத்தொரு வயதில் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்தவளை வாசல் காவலாளி எங்கே போகச் சொல்வார்? பெற்றோர் காத்திருக்கும் கூடத்துக்குத்தான். முதல் நாள் சொன்னார், போகட்டும். இரண்டாம் நாளும் சொன்னார். மூன்றாம் நாள் அவள் அடையாள அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "அண்ணே, நல்லாப் பாத்துக்கங்க. நான் இங்க யாருக்கும் அம்மாவா வரலை. வரலாறு படிக்க வந்திருக்கேன்" என்றாள். அவரும் அட்டையைத் திருப்பித் திருப்பி நன்றாகவே பார்த்தார். நான்காம் நாள் காலை, "பேரன்ட்ஸ் ஹால் அந்தப் பக்கம்மா" என்று அன்பாகக் கை காட்டினார். திட்டவும் முடியாத அளவுக்கு நல்ல மனிதர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

பதினேழு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவள் அவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு வேலை, பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை, மாமியாரின் முழங்கால் வலி, கொழுந்தனின் கல்யாணம் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் டோக்கன் கொடுத்து அனுப்பியபின் பார்த்தால், தன்னுடைய எண்ணை யாரும் கூப்பிடவேயில்லை. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் வேலையை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். வயது வரம்பு இல்லை என்று விண்ணப்பத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அச்சடித்தவர்களுக்கே அது நினைவில்லை என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது.

கணவர் தண்ணீர்ப் பம்ப் பழுது பார்ப்பவர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பாதி காதில்தான் வாங்குவார்.

"படிக்கிறது சரி. அதென்ன மன்றம், கிளப்புன்னு? பாடத்தைப் படிச்சமா, வீட்டுக்கு வந்தமான்னு இரேன்" என்றார்.

"பாடத்தை மட்டும் படிக்கறதுன்னா புஸ்தகம் வாங்கி வீட்டிலயே படிச்சிருப்பேனே."

மகளின் கேள்விதான் முள்ளாகக் குத்தியது. "அம்மா, உனக்குக் காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?"

"நிறைய" என்றாள். பெற்ற மகளிடம் பச்சைப் பொய். ஒரு மாதமாகியும் அவளிடம் பேசியவர்கள் எல்லாம் வழி கேட்டவர்களும், "ஆன்ட்டி, கொஞ்சம் இந்தப் பையைப் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டவர்களும்தான். அவள் பார்த்துக்கொண்ட பைகளை அடுக்கினால் ஒரு கடை வைத்திருக்கலாம்.

மாணவர் மன்றங்கள் ஆள் சேர்க்கும் நாள் வந்தது. புல்வெளியில் மேசைகளைப் போட்டு, கத்திக் கூப்பிட்டார்கள். புகைப்பட மன்றத்தின் மேசையில் இருந்தவன், "உங்க பையன் சேரணுமா ஆன்ட்டி?" என்றான். நடைப்பயண மன்றத்துப் பெண், "மலையேறணும், உங்களுக்கு மூச்சு வாங்கும்" என்றாள். அந்தப் பெண்ணே புல்வெளியைத் தாண்டி வந்த களைப்பில் நாற்காலியில் சாய்ந்துகிடந்தாள். இசை மன்றம் ஒரு துண்டுப் பிரசுரத்தை மடித்துக் கையில் வைத்து, "வீட்ல குடுத்திடுங்க" என்று வழியனுப்பியது. என்ன, இவள் தபால்காரியா? அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

கடைசி மேசை பேச்சு மன்றத்துடையது. அவளுக்கு முன்னால் குச்சி போல் ஒரு பெண் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த மூன்றாம் ஆண்டு மாணவன் காதை முன்னால் நீட்டி, "என்ன? பேரா? எனக்கே கேக்கலையே, நீ எப்படி மேடையில பேசுவ?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். குச்சிப் பெண்ணின் கண் கலங்கியது.

பதினேழு வருடம் நானூறு பேர் நிற்கும் கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் எண் கூப்பிட்ட தொண்டை அது. "பேரை எழுதுப்பா!" என்று அவள் சொன்னது நாலு மேசை தள்ளி செஸ் ஆடிக்கொண்டிருந்தவனையும் நிமிர வைத்தது. "பேச வராதவங்களைச் சேக்கத்தானே மன்றம்? பேசத் தெரிஞ்சவங்க எதுக்கு உங்கிட்ட வரணும்? அவ பேரையும் எழுது, என் பேரையும் எழுது."

இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டான்.

பேச்சு மன்றம் வியாழன்தோறும் பழைய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கூடும். தண்ணீர் வராத குழாய்கள், கறை படிந்த தொட்டிகள், கால் எட்டாத உயர ஸ்டூல்கள். மன்றத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, கரும்பலகை டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அவர் கீழே வைக்கும் வரை தலையே போனாலும் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இரண்டு, புதிதாகச் சேர்ந்தவர் "எனக்குக் கோபம் வருவது எதற்கு" என்று மூன்று நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் மன்றம் ஒரு பட்டப்பெயர் சூட்டிக் கரும்பலகையில் எழுதும். அதன்பின் மன்றத்துக்குள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அபராதமாக அடுத்த வாரம் கூடத்தைப் பெருக்க வேண்டும்.

மேசைக்குப் பின்னால் இருந்த மூன்றாம் ஆண்டுக்காரனுக்குப் பெயர் தீர்ப்பு. எதைக் கேட்டாலும் முடிவு சொல்லிவிட்டுத்தான் யோசிப்பான். இன்னொருவன் அடைப்புக்குறி, ஒரு விஷயத்துக்குள் இன்னொன்றைத் திறந்து, எதையும் மூடாமல் உட்கார்ந்துவிடுவான். குச்சிப் பெண் டஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "துணைக்கு யாரு வர்றாங்க? எங்க கிளம்பினாலும் எங்கப்பா கேக்கற கேள்வி இது. முனைக்கடைக்குப் போனாலும் துணைக்கு யாரு? எனக்குக் கோபம்னா அந்தக் கேள்விதான்" என்று ரீங்காரமாகச் சொன்னாள். கொசு என்று எழுதினார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

பிறகு இவள் முறை. "ஒரே ஒரு நிமிஷம், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்று வரிசையை மிதித்து முன்னால் வருகிறவர்களைப் பற்றிப் பேசினாள். டாக்டருக்குத் தெரிந்தவர், டாக்டரின் டிரைவருக்குத் தெரிந்தவர், கையில் டோக்கனை வைத்துக்கொண்டே "டோக்கன் எங்க வாங்கணும்?" என்பவர் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாள். ஸ்டூலிலிருந்து ஒருவன் விழுந்தே விட்டான், சிரிப்பில்.

டஸ்டரைக் கீழே வைத்தாள். சாக்பீஸை எடுத்த தீர்ப்பு பலகை வரை போய்த் திரும்பி வந்தான்.

"உங்களுக்குப் பட்டப்பேர் வேணாம்க்கா. மரியாதையா இருக்காது. உங்களை அக்கான்னே கூப்பிடறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டட்டுமே! அவளுக்கு அழுகை வந்தது. வீட்டில் அம்மா, அண்ணி, மருமகள். மருத்துவமனையில் ஏம்மா, இந்தாம்மா, சிஸ்டர். பஸ்ஸில் ஆன்ட்டி. உறவு கொண்டாட ஊரே இருக்கிறது. கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ள ஒரு நாதி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

அந்த ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒரு நல்லது நடந்தது. மறுநாள் மதியம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது கொசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். இருவரும் ஒரே வகுப்புக்குத் தாமதமாகப் போய் ஒன்றாகத் திட்டு வாங்கினார்கள். ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி குறிப்பெடுத்தாள். பெரும்பாலும் தூங்கியது கொசு அல்ல. தும்மலுக்கு நடுவே பாடம் எடுக்கும் பேராசிரியரைப் போல் நடித்துக் காட்டிச் சிரித்துப் புரையேறியது. கொசு மட்டும் அவளை அக்கா என்றோ ஆன்ட்டி என்றோ கூப்பிட்டதேயில்லை. "இங்க பாருங்க" என்றுதான் எதையும் ஆரம்பிப்பாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை போலும்.

"ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா" என்று மகள் மறுபடி கேட்டிருந்தால் இப்போது "ஒருத்தி" என்று உண்மையைச் சொல்லியிருப்பாள்.

கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி அறிவிப்பு வந்தது. ஒரு நாள் ரயில் பயணம், அங்கே இரண்டு நாள் தங்க வேண்டும். கல்லூரிக்கு மூன்று பேர். மன்றப் பொறுப்பாசிரியை தேர்வுக்கு வந்து உட்கார்ந்து மதிப்பெண் போட்டார். கரும்பலகையில் எல்லோர் கண்ணெதிரிலும் எழுதினார்: முதலிடம் அவளுக்கு, இரண்டாவது தீர்ப்பு, மூன்றாவது கொசு, நான்காவது அடைப்புக்குறி. அன்றைக்கு வீட்டுக்குப் போன வழியெல்லாம் அவள் கால் தரையில் படவில்லை. சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். கணவர் வந்து, "யார்கிட்ட சண்டை?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. பேச்சாளர்கள்: தீர்ப்பு, கொசு, அடைப்புக்குறி; மூவரின் சொந்தப் பெயர்களும் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. கீழே, ஒரு கோடு போட்டு, "மாணவியருக்குத் துணைக்குச் செல்பவர்" என்று எழுதி அதற்கு எதிரில் அவள் பெயர்.

அவள் மறுபடி படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

கொசு ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "இங்க பாருங்க, எங்கப்பா சரின்னுட்டாரு! பெரியவங்க யாராவது கூட வந்தாத்தான் அனுப்புவேன்னாரு. மேடமுக்கு வேற வேலை இருக்காம், வர முடியாதாம். நீங்க வர்றீங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீதான் சொன்னியா?"

"நீங்க பேசவும் பேசுவீங்க, துணைக்கும் இருப்பீங்கன்னுதான் சொன்னேன். ஒரே ஆளை ரெண்டு இடத்துல போட ஃபார்ம்ல வழியில்லைன்னு தீர்ப்பு..." அவள் பலகையை அப்போதுதான் முழுதாகப் படித்தாள் போலிருக்கிறது. குரல் அப்படியே அடங்கிவிட்டது.

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று இவளுக்கே பயமாக இருந்தது. விறுவிறுவென்று நடந்துபோய்ப் பஸ் ஏறிவிட்டாள். மூன்று நாள் நூலகப் படிக்கட்டுப் பக்கமே போகவில்லை. மற்றவர்கள் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பாள். கொசு போய்! இருந்த ஒரே ஒருத்தியும் தன்னை ஒரு பெரிய மனுஷியாக மடித்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டாளே!

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். பொறுப்பாசிரியையும் வந்திருந்தார். தீர்ப்பு எழுந்து, "அக்காவுக்கு முதல்ல ஒரு நன்றி சொல்லி..." என்று ஆரம்பித்தான். அவள் நேராகப் போய்ப் பலகையடியில் கிடந்த டஸ்டரை எடுத்துக்கொண்டாள். அவன் வாய் மூடியது. வழக்கம் என்றால் வழக்கம்.

"நன்றியை நீயே வச்சுக்க" என்றாள். "இந்தப் பலகையில போன வாரம் என்ன எழுதியிருந்தது? முதலிடம் யாரு? அழிச்சிட்டா மறந்துடுமா? நான் மேசைக்கு அந்தப் பக்கம் பதினேழு வருஷம் உக்காந்தவ. வரிசையில முதல்ல நின்னவரை ஓரமா உக்காருங்கன்னு சொல்லிட்டுப் பின்னால வந்தவரை உள்ள அனுப்பினதே இல்லை. ஒரே ஒரு தடவை செஞ்சேன், அந்தப் பெரியவர் முகம் இன்னும் எனக்குத் தூக்கத்துல வருது. நீங்க அதை நன்றி சொல்லிச் செய்யறீங்க!"

தீர்ப்பு கையை உயர்த்தினான். அவள் டஸ்டரை உயர்த்திக் காட்டினாள். சாக்பீஸ் தூள் அவன் சட்டையில் கொட்டியது. கை இறங்கியது.

"மரியாதையாம் மரியாதை! மரியாதை குடுத்தே ஒரு மனுஷியை ஒதுக்கலாம்னு இங்க வந்துதான் கத்துக்கிட்டேன். என் பையில புஸ்தகம் இருக்கு, என் பேர்ல அட்டை இருக்கு, போன பரீட்சையில உங்கள்ல பாதிப் பேரை விட மார்க் அதிகம். தலையில நாலு நரை இருக்கறதால நான் யாருக்கோ துணையா? அடைப்புக்குறி தம்பி, உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நாலாவது வந்தவன் முதல்ல வந்தவ இடத்துல போய்ப் பேசினா உன் நாக்கு கூசாதா?"

அடைப்புக்குறி தலையைக் குனிந்தபடி இல்லை என்பதா ஆமாம் என்பதா தெரியாமல் தலையாட்டினான்.

பிறகு அவள் கொசுவின் பக்கம் திரும்பினாள். இதுவரை ஓங்கியிருந்த குரல் இங்கே வந்து தடுக்கியது.

"உனக்குக் கோபம் வர்றது எதுக்குன்னு இதே டஸ்டரைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன. துணைக்கு யாருங்கற கேள்விக்கு. அந்தக் கேள்விக்கு என்னைப் பதிலாக்கிட்டியே. நான் உன்கூட உக்காந்து சாப்பிட்டது உன்னைப் பாத்துக்கறதுக்கா? நான் உன்னை ஃப்ரெண்டுன்னு நினைச்சேன்."

கடைசியாகப் பொறுப்பாசிரியை. "மேடம், மாணவிகளுக்குத் துணைக்குப் போறது மாணவி வேலை இல்லை. அது உங்க வேலை. உங்களால முடியாதுன்னா வேற ஆசிரியை யாரையாவது கேளுங்க. என்னைக் கேக்காதீங்க." டஸ்டரை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் தொட்டிகளில் எல்லாம் எதிரொலித்தது.

பொறுப்பாசிரியை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அதற்குள் கொசு ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி, டஸ்டரைப் பாய்ந்து எடுத்து, வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தினாள்.

"டோக்கன் சொல்றதுதான் சரி! தப்பு என் பேர்ல!"

கூடம் திடுக்கிட்டது. அடைப்புக்குறி நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"யாரு டோக்கன்?" என்றாள் இவள், வழக்கத்தையும் மறந்து.

கொசு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தீர்ப்பு கூரையைப் பார்த்தான். மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. முதல் நாள் பேச்சு முடிந்த அன்றே பெயர் வைத்துவிட்டார்களாம். மன்றத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்களாம். முகத்துக்கு நேரே சொல்லத்தான் கூச்சமாம்.

"அப்போ நாலு மாசமா எனக்குப் பேர் இருக்கு, எனக்கு மட்டும் சொல்லலையா?" அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் ஏதோ ஒன்று இனித்துத் தொலைத்தது. "ஒருத்தரும் ஒழுங்கா வளரலை! பலகையில எழுதுங்கடா முதல்ல!"

தீர்ப்பு எழுதினான். சொந்தக் கையெழுத்தில், பெரிதாக. அடைப்புக்குறி தானாகவே தன் பெயரை விலக்கிக்கொண்டான். பொறுப்பாசிரியை, இடுப்பு வலி, ரயில் ஒத்துக்கொள்ளாது என்று நாலு காரணம் சொல்லிப் பார்த்துவிட்டு, எதிரில் நின்றவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைப் பார்த்ததும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் இவள் கொசுவிடம் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை. குத்தியது பட்டியல் இல்லையே, குத்தியது அவள்.

மறுநாள்தான் பயணப் படிவம் கொடுக்கக் கடைசி நாள். அலுவலகச் சன்னலில் இவள் நின்றாள். கொசு இரண்டடி தள்ளி, தன் படிவத்தோடு நின்றாள். குமாஸ்தா இவள் தாளைப் பார்த்துவிட்டு வெளியே தள்ளினார்.

"பாதுகாவலர் கையெழுத்து இல்ல."

"சார், எனக்கு நாப்பத்தொரு வயசு."

"கட்டம் இருக்கில்ல? நிரப்பணும். வீட்டுக்காரர்கிட்ட வாங்கிட்டு வாங்க."

வீட்டுக்காரர் கேட்டால் போட்டுத் தருவார். படிக்காமலே போட்டுத் தருவார். ஆனால் மகளுக்குப் போடுகிற அதே கையால், அதே பேனாவால், இவளுக்குமா? அதற்காகவா இத்தனை வருடம் காத்திருந்து இங்கே வந்தாள்?

"அவர் எனக்கு வீட்டுக்காரர். பாதுகாவலர் இல்ல" என்றாள்.

"அப்போ நாளைக்கு வாங்க."

கடைசி நாளே இன்றுதான், நாளைக்கு வாங்களாம்! இந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் பேருக்கு அவளே சொல்லியிருப்பாள்! சன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் சங்கதி அவளுக்கு அத்துப்படி. காலிக் கட்டம் என்றால் அவர்களுக்கு உயிர் போகும். நிரம்பிவிட்டால் போதும், எதனால் நிரம்பியது என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். உரக்கப் படித்தாள்.

"'பாதுகாவலர் என்பவர் பதினெட்டு வயது நிறைந்த, மாணவருக்குப் பொறுப்பேற்கச் சம்மதிக்கும் எவரும் ஆகலாம்.' எவரும்னு போட்டிருக்கு சார்."

"அதுக்கு இப்போ யாரு இருக்கா?"

"எனக்குப் போன மாசம் பதினெட்டு முடிஞ்சது" என்றது ஒரு ரீங்காரம்.

இவள் திரும்பவில்லை. கொசு பக்கத்தில் வந்து, இவள் கையிலிருந்த படிவத்தை இழுத்துச் சன்னல் பலகையில் வைத்துக்கொண்டாள். குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ யாரும்மா இவங்களுக்கு?"

"அதுக்கும் கட்டம் இருக்கு சார். எழுதறேன்." உறவு என்ற இடத்தில் "தோழி" என்று எழுதினாள். ஒரு முறை இவளைப் பார்த்துவிட்டு, அழிக்காமல் மேலே போனாள். உறுதிமொழியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். "'பயணத்தின்போது இவருடைய நடத்தைக்கு நானே பொறுப்பு.'"

பேனாவை நிறுத்தினாள். குமாஸ்தாவுக்கு எதிரில், வரிசையில் நின்ற பத்துப் பேருக்கு எதிரில், நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள்.

"டோக்கன், அங்க வந்து ஒழுங்கா இருப்பியா?"

வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார்கள். நாற்பத்தொரு வயதுக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! நான்கு நாளாக இவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சத்தியமா மாட்டேன்" என்றாள்.

கொசு கையெழுத்துப் போட்டாள்.